குளக்கரையில் ஆளில்லாதோர்



பங்குக் குருவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் பலவற்றைக் கேட்டு வருகிறார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுமென்று வருவார்கள். கல்யாண ஓலை வாசிக்க வேண்டுமென்று வருவார்கள். பிள்ளைக்குப் பள்ளியில் இடம், மகனுக்கு ஆலையில் வேலை, குடிக்கிற கணவனுக்கு நாலு வார்த்தை புத்திமதி என்று வருவார்கள். இவற்றோடு இன்னுமொரு விண்ணப்பம் இப்போது அடிக்கடி வருகிறது. "சாமி, டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. சாமி கையெழுத்தைப் பார்த்தா உடனே உள்ளே விட்டுருவாங்க." சென்ற இதழில் குடும்பச் செபமாலையைப் பற்றி எழுதிய நாம், இம்மாதம் இந்தச் சீட்டைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

திண்டுக்கல் நகரில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்குத் தெரு பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. ஆயினும், கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு மருத்துவரைப் பார்ப்பது எளிதான காரியமன்று. டோக்கன் வேண்டும். முன்பெல்லாம் விடியற்காலையில் வாசலில் வந்து நிற்பவர்களுக்கு அது கிடைத்தது. செருப்பையும் பையையும் தமக்குப் பதிலாக வரிசையில் வைத்துவிட்டு, எதிர்க்கடைக்குத் தேநீர் அருந்தப் போகிறவர்களை நாம் கண்டதுண்டு. இப்போதோ பல இடங்களில் கைபேசியில் அழைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறித்த மணிக்கு அழைப்பை எடுக்கத் தொடங்குகிறார்கள். அரைமணி நேரத்தில் அன்றைய எண்கள் தீர்ந்துவிடுகின்றன. நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது வசதியே. நோயோடு மணிக்கணக்கில் திண்ணையில் கிடக்கவேண்டியதில்லை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வேடசந்தூருக்கு அப்பாலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டு, ஒன்பது மணிக்கு வந்து சேருகிற மூதாட்டிக்குக் கிடைக்கும் பதில் என்ன? "டோக்கன் முடிஞ்சு போச்சு பாட்டி. நாளைக்குப் போன் பண்ணிட்டு வாங்க." பாட்டியிடம் போன் இல்லை. இருந்தாலும், வருகிற அழைப்புக்குப் பேசத் தெரியுமேயன்றி, தானாக ஓர் எண்ணை அழைக்கத் தெரியாது. அழைத்துக் கொடுக்க வேண்டிய பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு முதல் தேசிய மருத்துவச் சேவை நடைபெற்று வருகிறது. மருத்துவரைப் பார்ப்பதற்கு அங்கே கட்டணமில்லை. ஆனாலும், காலை எட்டு மணி அடித்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் மருத்துவரின் நிலையத்தைத் தொலைபேசியில் அழைப்பதும், வரிசையில் காத்திருந்து கடைசியில் இன்றைய இடங்கள் தீர்ந்தன என்ற பதிலைக் கேட்பதும் அந்நாட்டு மக்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வரும் குறை. ஆங்கிலம் அறியாத நம் முதியோர்க்கு அங்கும் ஒரு மகனோ மருமகளோ பேசித்தான் இடம் வாங்கித் தர வேண்டியிருக்கிறது. பணம் ஒரு தடை என்பது மெய். அத்தடை நீங்கிய பிறகும் வேறொரு தடை மிஞ்சி நிற்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

சிபாரிசுச் சீட்டை நாம் எழுதுவதில்லை. இதனால் மனவருத்தம் கொண்டவர்கள் உண்டு. "ஒரு துண்டுக் காகிதத்துக்குக் கூடவா சாமியாருக்குக் கஞ்சத்தனம்?" என்று ஒருவர் நம் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். காரணத்தைக் கூறுகிறோம். நம் கடிதம் மருத்துவரின் நேரத்தில் ஒரு நிமிடத்தையும் கூட்டுவதில்லை. ஒருவரை முன்னே அனுப்பினால் இன்னொருவர் பின்னே போகிறார், அவ்வளவே நடக்கிறது. அப்படிப் பின்னே தள்ளப்படுகிறவர் யார்? சின்னாளபட்டியிலிருந்து வந்த நெசவாளியாக இருக்கலாம். பேகம்பூரின் தோல் பதனிடும் தொழிலாளியாக இருக்கலாம். அவருக்காகக் கடிதம் எழுத ஒரு சாமியார் இல்லை. கடிதமில்லாதவரின் முறையை எடுத்து நம் பங்கு மக்களுக்குக் கொடுப்பதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது?

அருளப்பர் எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். (இளையவர்கள் யோவான் என்று தேடுவீர்களாக, எம் போன்றோர் வாயில் இன்னும் அருளப்பர் என்றே வருகிறது.) எருசலேமில் ஆட்டு வாயில் அருகே ஒரு குளம், ஐந்து மண்டபங்கள், அவற்றில் குருடரும் முடவருமாகப் பெருங்கூட்டம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவர் குணமடைவார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அங்கே முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரிடம், குணம்பெற விருப்பமா என்று ஆண்டவர் வினவுகிறார். அவர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. தம்மைத் தூக்கிக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்கிறார். தாம் நகர்ந்து போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்கிறார். நோயைப் பற்றிய கேள்விக்கு அவர் தந்த பதில் ஆளைப் பற்றியது. எருசலேமில் புனித அன்னம்மாள் ஆலயத்தை அடுத்து நடந்த அகழ்வாராய்ச்சியில் இக்குளத்தின் இடிபாடுகள் வெளிப்பட்டன. திருநாட்டு யாத்திரை சென்றவர்கள் எட்டிப் பார்த்திருப்பீர்கள். இத்தனை ஆழமான குளத்தில் நடக்க இயலாதவர் ஒருவர் தனியே இறங்குவது எங்ஙனம் என்று அங்கே நிற்பவர்க்குத் தோன்றாமல் இராது.

நமது ஊரிலும் குளத்துக்குக் குறைவில்லை. இறக்கிவிடும் ஆளுக்கே குறைவு.

பூட்டுப் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒருவரை அறிவோம். மனைவி இறந்துவிட்டாள், மகள் வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சர்க்கரை நோயாளி. காலில் இரும்புத் துண்டு கீறி ஒரு புண் உண்டாயிற்று. சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகும்; புண் பெரிதானாலும் வலி தெரியாது. வலி இல்லாததால் அவர் அவசரப்படவில்லை. முதன்முறை ஒரு மருத்துவரிடம் போனபோது டோக்கன் தீர்ந்திருந்தது. இரண்டாம் முறை டோக்கன் கிடைத்தது. ஆனால் மருத்துவர் அவசர அறுவைச் சிகிச்சைக்கு அழைக்கப்பட்டுப் போய்விட்டார். மூன்றாம் முறை பட்டறையில் அரைநாள் வேலை பார்த்துவிட்டுப் போனார், நேரம் கடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. பிறகு அவர் போகவேயில்லை. கடையில் ஏதோ களிம்பு வாங்கித் தடவிக்கொண்டார். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, எதிர்வீட்டில் பூக்கட்டி விற்கும் ஒரு பெண், நம் மதத்தைச் சேராதவர், துர்நாற்றத்தை உணர்ந்து உள்ளே வந்து பார்த்து, ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது.

அந்த ஒரு மாதத்தில் அதே தெருவில் அன்பியக் கூட்டம் இரண்டு முறை கூடியிருக்கிறது. விவிலியம் வாசிக்கப்பட்டது, நோயாளிகளுக்காக மன்றாட்டு ஏறெடுக்கப்பட்டது, சுண்டல் வழங்கப்பட்டது. அவரது வீடு நான்கு வாசல்கள் தள்ளி.

துணை போகிறவரின் வேலை என்ன என்று சிலர் கேட்கலாம். கையைப் பிடித்து நடத்திச் செல்வது அதில் ஒரு சிறு பகுதி. முந்தின நாளே தொலைபேசியில் அழைத்து எண் வாங்க வேண்டும். மருத்துவர் ஊரில் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமா என்று அப்போதே விசாரிக்க வேண்டும். இதைக் கேளாமல் போவதால் வரும் துன்பம் கொஞ்சமன்று. இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லித் திரும்பி வருகிறவர்கள் ஒரு பக்கம். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு ஒன்றும் உண்ணாமல் பகல் வரை காத்திருந்து மயங்கி விழுகிறவர்கள் மறு பக்கம். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரமாவது உணவு கூடாது, தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை மாத்திரையையோ இன்சுலினையோ எப்போது எடுப்பது என்பதை மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகள், பரிசோதனைத் தாள்கள், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். "சின்னதா வெள்ளை மாத்திரை ஒன்னு" என்றால் எந்த மருத்துவருக்கும் விளங்காது. நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வைக்க வேண்டும். உள்ளே மருத்துவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டு, வெளியே வந்ததும் காலையில் எது, இரவில் எது என்று அட்டையின் மேலேயே எழுதித் தர வேண்டும். பெண்களோடு பெண்களே போவது நலம். மாதக்கணக்கில் இரத்தப்போக்கை மகனிடம் சொல்லக் கூசி மறைத்து வைக்கும் தாய்மாரை ஒப்புரவுத் தொட்டியில் அமரும் குருக்கள் அறியாதவர்கள் அல்லர்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் நம்மை மடக்கினான். திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னே இறக்கினார்களே, மாற்கு எழுதியிருக்கிறாரே, அது வரிசையை மீறியது ஆகாதா என்று கேட்டான். நல்ல கேள்வி. அவர்கள் எவருடைய முறையையும் பறித்ததாக நற்செய்தியில் இல்லை. சேதமானது கூரை ஒன்றுதான். அவர்கள் கடிதம் கொண்டுவரவுமில்லை. நால்வரும் தோள் கொடுத்தார்கள். கூரைக்கு யார் பணம் கொடுத்தது என்று அவன் அடுத்துக் கேட்டான், மணி அடித்துவிட்டது.

நோயாளி மருத்துவரைத் தேடிப் போவதே வழக்கமாயிருந்த நம் பகுதியில், மருத்துவர்கள் மக்களைத் தேடி வந்த வரலாறும் உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான சௌந்தரம் அம்மையார், இளம் வயதில் கைம்பெண்ணாகிய பின் டில்லியில் மருத்துவம் பயின்றவர். சென்னையிலோ மதுரையிலோ பேரும் பணமும் ஈட்டியிருக்கலாம். அவரோ 1947-ஆம் ஆண்டு தம் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தைத் தொடங்கி, சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவ விடுதியை நடத்தினார். அதுவே வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனையாக நிற்கிறது. மேற்கே ஒட்டன்சத்திரத்தில் 1955-ஆம் ஆண்டு மருத்துவர் ஏ.கே. தரியனும் தோழர்களும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையை நிறுவினார்கள். பிரிந்த சகோதரர் என்று நாம் அழைத்த சபையினர். அவர்கள் கைப்பட்டுப் பிறந்த கத்தோலிக்கக் குழந்தைகள் எத்தனை பேர்! நம் நாளில், 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்க ஏற்பட்டது. படுத்த படுக்கையாயிருப்போர்க்கு இயன்முறைப் பயிற்சியும் வலி தணிக்கும் சிகிச்சையும் அதில் அடங்கும். ஆனால் இதற்கும் பெயர் பதிய வேண்டும். உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவரின் பெயர் அப்பட்டியலில் இருக்கிறதா? கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அரசு மருத்துவமனை என்றால் முகம் சுளிக்கிறவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. கடன் வாங்கியாவது தனியாரிடம் போவது கௌரவம் என்று நினைக்கிறார்கள். நமது மாவட்டத் தலைமை மருத்துவமனை இன்று அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. அக்கல்லூரி 2022 ஜனவரி 12-ஆம் நாள் திறக்கப்பட்ட பதினோரு கல்லூரிகளில் ஒன்று. டோக்கனுக்கு முந்தின நாள் அழைக்க வேண்டியதில்லை. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும், காசில்லை. கூட்டம் மிகுதி என்பது உண்மை. எந்தக் கட்டடம், எந்த அறை என்று எழுத்தறியாதவர் தவிப்பதும் உண்மை. அங்கேதான் துணைக்கு ஓர் ஆள் இருந்தால் பாதி நோய் தீர்ந்தது போல.

எந்த டோக்கனுக்கும் காத்திராத நோய்களும் உள்ளன. நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று வாய் கோணுதல், ஒரு கை கால் சோர்ந்து போதல், பேச்சு குழறுதல், பாம்புக்கடி, மூச்சுத் திணறல், கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு. இவற்றுக்கு அறிமுகமான மருத்துவர் வரட்டும் என்று காத்திருப்பது பேராபத்து. 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடும் 108 ஊர்தியை அழைத்து நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மூளையின் இரத்தக் குழாயில் கட்டி அடைத்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும் என்கிறார்கள். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிக்க ஆள் தேடுவதும் வீண். அசையாமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். இது அவசரமா அல்லவா என்று ஐயமிருந்தால், 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

மருத்துவர் தரப்பிலும் நியாயம் உண்டு. நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் திருப்பலி முடிந்து வெளியே வந்தால், பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு நாக்கை நீட்டுகிறார்கள்; அவர் ஞாயிறு திருப்பலிக்குப் பக்கத்துப் பங்குக்குப் போகத் தொடங்கிவிட்டார். டோக்கன் வாங்கிவிட்டு வராமலிருப்பவர்களும் நம்மவரே. வர இயலாவிட்டால் ஒரு வார்த்தை தெரிவித்தால் அந்த இடம் வேடசந்தூர்ப் பாட்டிக்குக் கிடைத்திருக்கும். முன்மேசையில் உட்கார்ந்து எண் கொடுக்கும் பெண்ணை ஏசுவதும் தகாது. எண்களைத் தீர்த்தது அவள் அல்ல.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மருத்துவரைப் போலவே குருவையும் கடைசி நேரத்தில் அழைப்பதே நம் வழக்கம். அவஸ்தைப் பூசுதல் என்ற பழைய பெயரே பலருக்கு நடுக்கம் தந்தது. சாமியார் எண்ணெயோடு வந்தால் எமன் பின்னால் வருகிறான் என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. நோயில் பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் எடுத்துரைத்தது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972-இல் அதன் சடங்கைப் புதுப்பித்தார். அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன் இத்திருவருட்சாதனத்தைப் பெற்றுச் செல்லலாம். துணைபோகிறவர்கள் இதையும் நினைவூட்டினால் நலம்.

ஆள் சேர்ப்பது கடினம் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவை ஆகஸ்டு மாதத்தில் பார்த்திருக்கிறீர்கள். ஆடுகளும் கோழிகளும் அரிசி மூட்டைகளும் காணிக்கையாக வந்து குவிய, இரவெல்லாம் சமைத்து, ஆயிரக்கணக்கானோர்க்குச் சாதி மத வேறுபாடின்றிச் சோறு போடுகிறோம். யார் அடுப்பு, யார் அண்டா, யார் பந்தி என்று ஒரு குழப்பமுமில்லை. கொள்ளைநோயிலிருந்து காக்க வேண்டி நம் முன்னோர் நாடிய புனிதர் அவர். அவர் பெயரால் ஒரே இரவில் அத்தனை பேரை உண்பிக்கத் தெரிந்த மக்களுக்கு, வாரத்தில் மூன்று நோயாளிகளுக்கு எண் வாங்கித் துணைபோக வகை தெரியாதா?

எங்கள் பங்கில் இப்படிச் செய்கிறோம். ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம். தனித்து வாழ்வோர் பெயர், அவர்கள் பார்க்கும் மருத்துவர், அடுத்துப் போக வேண்டிய நாள். நோயின் பெயரை அதில் எழுதக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். ஒரு வீட்டின் நோயை மறுவீட்டில் பேசுகிறவர் இப்பணிக்கு வேண்டாம். கைபேசி நன்கு தெரிந்த கல்லூரிப் பிள்ளை எண் வாங்குகிறது, துணைபோவது பெரியவர்கள். பெண்களுக்குப் பேருந்துச் செலவும் பெரிதாக இல்லை; சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய 2021 மே மாதத்தில் அரசு ஆணையிட்டது. மற்றச் செலவை வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்கிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களை நாம் கேட்பதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து இன்னொருவருக்குத் துணைபோகச் சொல்வது முறையாகாது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவர் திங்களும் புதனும் போகிறார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வியாழக்கிழமை. அரசு மருத்துவமனையின் ஒவ்வோர் அறையும் அவருக்கு மனப்பாடம். செவ்வாய்க்கு மரியாயின் சேனையார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.